முழங்கால் மாற்றீட்டின் பின் நோவும் குருதியும்

மடுல்கெல்லவின் மலைச்சரிவுகளிலே நாற்பது ஆண்டு கொழுந்துக் கூடையுடன் ஏறியிறங்கிய முழங்கால்கள் எத்துணை தேய்ந்திருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தோட்டத் தொழிலாளர் மட்டுமோ? கல்லூரி மைதானத்தில் உதைபந்தாடிய நம் பழைய மாணவர் பலரும் இன்று படியேறத் தடியை நாடுகின்றனர். தேய்ந்த மூட்டை மாற்றும் சத்திரசிகிச்சை கண்டி நகரிலேயே நடைபெறுகின்றது. ஆயினும் நம்மவர் அஞ்சுவது கத்தியை அன்று. அதன்பின் வரும் நோவையும் குருதி இழப்பையுமே.

குருதியை முதலில் நோக்குவோம். இச்சிகிச்சையில் இழக்கும் குருதி ஒரு லீற்றரை எட்டுதலும் உண்டு. அதிற் பெரும்பகுதி வெளியே தெரியாது மூட்டினுள்ளும் தசையினுள்ளும் தேங்குகின்றது. காயம் பட்ட இடத்திலே குருதியை உறையச் செய்து உடல் அணை கட்டுகின்றது. சிறிது நேரத்தில் தானே அவ்வணையைக் கரைக்கவும் தொடங்குகின்றது. இக்கரைப்பைத் தடுப்பதே திரனெக்சாமிக் அமிலத்தின் பணி. உத்தாக்கோ, ஷோசுக்கே ஒகமோட்டோ என்னும் யப்பானியத் தம்பதியர் 1962 ஆம் ஆண்டில் இதனை அறிவித்தனர். மகப்பேற்றின்பின் குருதி பெருகி இறக்கும் தாய்மாரைக் காத்தலே அம்மையாரின் கருத்தாக இருந்தது. நெடுங்காலம் உலகம் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. விபத்தில் காயமுற்ற 20,000 பேருக்கு மேற்பட்டோரிடத்து நடந்து 2010 இல் வெளிவந்த ஆய்வே அதன் பெருமையைப் பரப்பிற்று. இன்று முழங்கால் மாற்றீட்டிலும் அது நாளத்தின் வழியாகவோ மூட்டினுள்ளேயோ செலுத்தப்படுகின்றது. பிறர் குருதியை ஏற்றவேண்டிய தேவை இதனாற் பெரிதும் குறைந்துள்ளது.

எனினும் குருதியைக் காக்கும் வேலை பல வாரங்களுக்கு முன்னரே தொடங்கவேண்டும். நம் தோட்டப் பெண்களிடையே குருதிச்சோகை அரிதன்று. அதனை முன்னரே சோதித்து இரும்புச்சத்துக் கொடுத்தல் நன்று. இருதய நோய்க்காகக் குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் அதனை வைத்தியரிடம் ஒளிக்கவும் கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது.

இனி நோவு. எமக்கு உறவான மூதாட்டி ஒருவர், நோவைப் பொறுத்தலே பெருமை எனக் கருதிக் கொடுத்த குளிசைகளைத் தலையணையின் கீழ் மறைத்து வைத்தார். நோவினாற் காலை மடக்கவில்லை. மடக்காத மூட்டு இறுகிப்போயிற்று. புதிய முழங்கால் இருந்தும் அவராற் படியிறங்க இயலவில்லை. நோவைத் தணிப்பது சொகுசுக்காக அன்று, காலை அசைப்பதற்காகவே என்பதை அவருக்கு எவரும் விளங்க உரைக்கவில்லை போலும்.

இக்காலத்து முறை, ஒரே மருந்தை மிகுதியாகக் கொடாது பலவற்றைச் சிறிது சிறிதாக இணைப்பது. தொடையின் நரம்பருகேயும் மூட்டைச் சுற்றியும் விறைப்பு மருந்து ஏற்றுவர். பெரசிற்றமோலை நேரந்தவறாது கொடுப்பர். சிறுநீரகமும் வயிறும் இடங்கொடுத்தால் வீக்கந் தணிக்கும் மருந்தையும் சேர்ப்பர். இதனால் வாந்தி, மலச்சிக்கல், மயக்கம் தரும் மோர்பீன் வகை சிறிதளவே வேண்டப்படும். நோவு முற்றியபின் அன்று, பயிற்சிக்கு முன்னரே குளிசை உட்கொள்ளவேண்டும். துணி சுற்றிய பனிக்கட்டி ஒற்றுதலும் உதவும். முழங்காலின் கீழ்த் தலையணை வைப்பது இதமாயிருப்பினும் கால் நிமிராது போகும். குதிக்காலின் கீழ் வைப்பதே முறை.

வீடு திரும்பியபின் கட்டு நனையக் குருதி கசிந்தாலோ, மலம் கறுத்தாலோ, கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ விடியட்டும் என்றிருத்தலாகாது. பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்கும் வளைவுப் பாதையில் இரவில் வண்டி கிடைப்பது எளிதன்று; ஆதலின் வாகனம் உடைய அயலவர் ஒருவரிடம் சத்திரசிகிச்சைக்கு முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும்.