சந்தேகப்பட்டார்கள், பாடமும் கேட்டார்கள்!

அமெரிக்காவில் கலிபோர்னியா கடற்கரையில் "ஸ்கிரிப்ஸ்" கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1903-ல் ரிட்டர் என்ற பேராசிரியர் தொடங்கியது. பணம் கொடுத்தவர்கள் பத்திரிகை முதலாளி ஸ்கிரிப்சும் அவருடைய அக்காள் எல்லனும். 1912-ல் நிலையம் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தோடு சேர்ந்தது.

1936-ல் புதிய டைரக்டர் வந்தார். பெயர் ஹரால்டு ஸ்வெர்டுரப். நார்வே நாட்டுக்காரர். வடதுருவத்துப் பனிக்கடலில் ஆண்டுக் கணக்கில் கப்பலிலேயே வாழ்ந்தவர்!

அவர் வந்த சில மாதங்களில், நிலையத்தின் படகு வெடித்து மூழ்கியது. கடல் ஆராய்ச்சிக்கு வந்தவருக்குக் கடலில் போகப் படகு இல்லை! மறு ஆண்டு ஸ்கிரிப்சின் மகன் ராபர்ட் ஒரு பாய்க்கப்பல் கொடுத்தார். அதன் பிறகுதான் நிலையம் கரையை விட்டு நெடுந்தூரம் போயிற்று.

பிறகு வந்தது யுத்தம். 1940-ல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தது. ஸ்வெர்டுரப்பின் உறவினர்கள் அங்கே இருந்தார்கள். "எதிரி மிரட்டினால் இவர் ரகசியத்தைச் சொல்லிவிடுவாரோ?" என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். ராணுவ ரகசிய வேலைக்கு அவருக்கு அனுமதி மறுத்தார்கள். குற்றம் ஒன்றும் செய்யாதவருக்கு இந்தக் கதி!

ஆனால், துருப்புகள் படகில் கரை இறங்க வேண்டுமே. அலை எவ்வளவு உயரம் எழும் என்று முன்னாலேயே தெரிய வேண்டாமா? காற்றின் வேகம், அது வீசும் நேரம், தூரம் இவற்றைக் கொண்டு அலையைக் கணக்கிடும் வழியை ஸ்வெர்டுரப்பும் அவருடைய மாணவர் வால்டர் மங்க்கும் கண்டார்கள். ராணுவ வானிலை அதிகாரிகள் ஸ்கிரிப்சுக்கே வந்து அதைப் படித்தார்கள். 1944 ஜூனில் நார்மண்டியில் படைகள் இறங்கியபோது, அந்தக் கணக்கும் உதவியது.

1948-ல் ஸ்வெர்டுரப் தாய்நாடு திரும்பி, நார்வே துருவ ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஆனார். மங்க் ஸ்கிரிப்சிலேயே இருந்துவிட்டார். 2019-ல் காலமானபோது அவருக்கு வயது 101.