கைப்பொருளும் காப்பிடமும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. பெருஞ்செல்வர் தம் பொருளைக் காக்கும் வழிகள் பலவற்றை அறிவர்; அவர்க்கு அறிவுரை கூறுவாரும் பலர் உளர். சில ஆயிரம் ரூபாயைச் சில திங்கள் காத்து வைக்க வேண்டிய எளியவர்க்கோ, அதனை எங்கே வைப்பது என்பதே பெருங்கேள்வியாக நிற்கிறது. தொகை சிறிதாயினும், அதனை இழந்தால் நேரும் துன்பம் சிறிதன்று. செல்வர் ஒருவர் 6,000 ரூபாயை இழந்தால் அவர் வீட்டில் உலை கொதிப்பது நில்லாது. உழவுத் தொழிலாளி ஒருவர் அதனை இழந்தால் அவர் மகளின் படிப்பே நின்றுவிடக்கூடும்.

காவிரிப் பாயும் நாட்டில் சம்பா நெல் அறுவடையாவது தை, மாசித் திங்கள்களிலாகும். அக்காலத்தில்தான் உழவுத் தொழிலாளர் கையில் சிறிது பொருள் சேரும். ஆயினும் கல்லூரியில் சேரும் மகளுக்குக் கட்டணம் செலுத்துவது ஆடித் திங்களை ஒட்டி வருகிறது. இடையில் ஏறத்தாழ ஆறு திங்கள் உள்ளன. இந்த ஆறு திங்களும் அப்பொருள் குறைவின்றி இருத்தல் வேண்டும். வேண்டிய அன்றே கைக்கு வருதலும் வேண்டும். நெசவாளர்க்கும், மீனவர்க்கும், சிறு வணிகர்க்கும் இந்நிலை பொதுவே ஆகும்.

குறுகிய காலத் தேவைக்கு உரிய பொருளை வைக்கும் இடத்திற்கு மூன்று பண்புகள் இருத்தல் நலம். முதலாவது, வைத்த பொருள் அழியாதிருத்தல். இரண்டாவது, வேண்டும்போது எளிதிற் கிடைத்தல். மூன்றாவது, இயன்ற அளவு வளர்தல். இம்மூன்றும் ஒருங்கே நிறைந்த இடம் உலகில் அரிது. நெடுங்காலம் கழித்து வேண்டப்படும் பொருளுக்கு வளர்ச்சி இன்றியமையாதது. சில திங்களில் வேண்டப்படும் பொருளுக்கோ முதலிரண்டு பண்புகளுமே உயிர் போன்றவை. வளர்ச்சி அவற்றிற்குப் பின்னரே எண்ணத்தக்கது.

இதனை ஒரு கணக்கால் தெளியலாம். 6,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியாயின் ஆறு திங்களுக்கு 120 ரூபாய் கிடைக்கும். 7 விழுக்காடாயின் 210 ரூபாய் கிடைக்கும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 90 ரூபாயே. யாரோ ஒருவர் 24 விழுக்காடு தருவதாகச் சொன்னாலும் வரக்கூடியது 720 ரூபாய்தான். அந்த 720 ரூபாயை விரும்பி 6,000 ரூபாயையும் இழக்கும் நிலைக்கு உள்ளாதல் அறிவுடைமை ஆகுமா?

பொருளை வீட்டிலேயே வைத்தல் பழைய வழக்கம். அஞ்சறைப் பெட்டி, அரிசிப் பானை, சுருக்குப் பை, மண் உண்டியல் ஆகியவை தமிழ்நாட்டுப் பெண்டிரின் கருவூலங்களாக நெடுங்காலம் விளங்கின. நள்ளிரவில் குழந்தைக்கு நோய் வந்தால் உடனே உதவுவது வீட்டிலுள்ள பணமே. ஆதலின் சில நாட் செலவுக்குரிய தொகை வீட்டில் இருத்தல் தகும். அதற்கு மேற்பட்டதைத் திருடனும், தீயும், கறையானும் அழிக்கக்கூடும். இவற்றினும் வலிய பகை ஒன்று உண்டு. கைக்கெட்டும் இடத்தில் உள்ள பணம் சிறு சிறு செலவாகக் கரைந்து போகும் என்பதே அது. கைமாற்றுக் கேட்டு வரும் உறவினர்க்கு இல்லை என்று கூறவும் மனம் வராது. மேலும், 2016 நவம்பர் 8 ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என அரசு அறிவித்தது. அதனால், வீட்டில் மறைத்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு பலர் வங்கி வாயில்களில் நெடுநேரம் நிற்க வேண்டியதாயிற்று.

மிகுந்த வட்டி தருவதாகக் கூறும் தனியாரிடம் பணத்தை ஒப்படைத்தல் வீட்டில் வைத்தலினும் தீங்கு மிக்கது. சென்னையில் பெரும் புகழுடன் விளங்கிய ஆர்பத்நட் நிறுவனம் 1906 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நொடித்துப் போயிற்று. அதனை நம்பிப் பொருள் வைத்திருந்த குடும்பங்கள் பல நிலைகுலைந்தன. அந்த அழிவின் நடுவே, நம் மக்களுக்கென ஒரு வங்கி வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907 இல் இந்தியன் வங்கி தோன்றியது. அதன் பின்னரும் மக்கள் ஏமாறுதல் ஒழியவில்லை. நிதி நிறுவனங்கள் பல மக்களின் பணத்தைத் திருப்பித் தராமற்போனமையால், வைப்பாளரைக் காக்கும் சட்டம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 1997 இல் இயற்றியது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019 இல் நாடு முழுமைக்கும் வந்தது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். ஆடித் திங்களில் வேண்டிய பணத்தை அத்திங்களிலேயே மீட்டுத் தருதல் அதற்கு எளிதன்று.

அங்ஙனமாயின் எளியவர் எங்கே செல்வது? முதலில் எண்ணத்தக்கது அஞ்சலகச் சேமிப்பு வங்கி. இது 1882 ஆம் ஆண்டு இந்திய நாட்டில் தொடங்கப் பெற்றது. வங்கி எட்டிப் பாராத சிற்றூரிலும் அஞ்சலகம் உண்டு. அங்கு வைக்கும் பணத்திற்கு நடுவண் அரசே பொறுப்பாகும். பத்து வயது நிரம்பிய சிறுவரும் தம் பெயரிலேயே அங்குக் கணக்குத் தொடங்கலாம். 2019 ஆம் ஆண்டு விதிகளின்படி கணக்கில் குறைந்தது 500 ரூபாய் இருத்தல் வேண்டும். வட்டி கணக்கிடும் முறையையும் அறிந்திருத்தல் நலம். ஒவ்வொரு திங்களிலும் 10 ஆம் நாளுக்கும் இறுதி நாளுக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த தொகைக்கே அத்திங்களின் வட்டி கணக்கிடப்படும். ஆகவே 9 ஆம் நாள் செலுத்திய பணத்திற்கு அத்திங்களிலும் வட்டி உண்டு. 12 ஆம் நாள் செலுத்தினால் அத்திங்களுக்கு வட்டி இல்லை.

அடுத்தது வங்கிச் சேமிப்புக் கணக்கு. இதில் 2010 ஏப்ரல் முதல் நாள்தோறும் உள்ள இருப்பிற்கு வட்டி கணக்கிடப்படுகிறது. அடிப்படைச் சேமிப்புக் கணக்காயின் குறைந்த இருப்பு என்னும் கட்டாயமும் இல்லை. வங்கி நொடித்தால் என் செய்வது என்னும் ஐயம் எழலாம். கேரள நாட்டுப் பாலை மத்திய வங்கி 1960 இல் மூடப்பட்டபோது அவ்வையம் நாடெங்கும் எழுந்தது. அதன் பயனாக 1962 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் வைப்புக் காப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவர்க்கு 1,500 ரூபாய் வரை காப்பு இருந்தது. 2020 பிப்ரவரியில் அஃது 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்குரிய கட்டணத்தை வங்கியே செலுத்துகிறது; வைப்பாளர் ஒன்றும் தர வேண்டுவதில்லை. கூட்டுறவு வங்கிகளும் இக்காப்பிற்கு உட்பட்டவை. ஆயினும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் இக்காப்பினுள் அடங்கா என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சேமிப்புக் கணக்கினும் சற்று மிகுந்த வட்டி தருவது காலவரை வைப்பு. வங்கியில் ஏழு நாள் முதற்கொண்டே இத்தகைய வைப்பு வைக்கலாம். குறித்த நாளுக்கு முன் பணத்தை எடுத்தால் வட்டி குறையும். முதல் பெரும்பாலும் குறையாது. அஞ்சலகக் கால வைப்பிலோ ஆறு திங்கள் முடியுமுன் பணத்தை எடுக்க இயலாது. தேவை எழும் நாள் உறுதியாகத் தெரிந்தால் அந்நாளுக்கு முன்னரே முடியும்படி வைப்பின் காலத்தை அமைத்தல் வேண்டும். தெரியாதாயின் சேமிப்புக் கணக்கே தக்கது.

ஆகவே கையிலுள்ள சிறு தொகையை மூன்றாகப் பகுத்தல் நன்று. ஒரு வாரச் செலவுக்குரியது வீட்டில் இருக்கட்டும். எப்பொழுது வேண்டுமென அறிய இயலாத நோய் முதலியவற்றிற்கு உரியது சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். நாள் குறித்த செலவுக்கு உரியது, அந்நாளுக்குள் முடியும் கால வைப்பில் இருக்கட்டும். பணம் செலுத்திய அன்றே கணக்குப் புத்தகத்தில் பதிவு பெறுதலும், பணம் எடுக்கும் அட்டையின் கமுக்க எண்ணை எவர்க்கும் சொல்லாதிருத்தலும், தமக்குப் பின் அப்பணம் பெறுவார் பெயரைக் கணக்கில் பதிவித்தலும் மறவாது செய்யத்தக்கன. தொலைபேசியில் அழைத்து எண் கேட்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினும் அவர் வங்கியினர் அல்லர் என்று தெளிதல் வேண்டும்.

வரும் வழி சிறிதாயினும், போகும் வழி அகலாதவரை கேடு இல்லை என்பது திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திற் காட்டிய நெறி. இடம் அறியாது வைத்த பொருள், செலவு செய்யாமலே போய்விடும் பொருளாகும். ஏரியில் நீர் நிரம்பினால் மட்டும் போதாது. கரையும் மதகும் செவ்வனே இருந்தால்தான் கடைமடை வயலுக்கும் உரிய நாளில் நீர் சென்று சேரும். அவ்வாறே, வியர்வை சிந்தி ஈட்டிய சிறு பொருளையும் தக்க இடத்தில் வைத்துக் காப்போர், தேவை வந்த நாளில் பிறர் வாயிலில் நில்லாது தம் கடமையைத் தாமே செய்து முடிப்பர்.