மரங்களின் புத்தாண்டு



கணக்குப் பார்க்கும் நாளைத் திருநாளாகக் கொண்டாடுவார் உண்டோ? உண்டு. யூதர்களின் சிறு பண்டிகைகளுள் ஒன்றாகிய ‘து பிஷ்வாத்’ அத்தகையது. ‘ஷெவாத்’ மாதத்தின் 15-ஆம் நாள் என்பது அதன் பொருள். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும் அம்முழுமதி நாள் பெரும்பாலும் நம் தைப்பூசத்தை ஒட்டியே அமையும்.

பண்டைய யூதர்கள் விளைச்சலில் 10-இல் ஒரு பங்கை இறைவன் பெயரால் ஈந்தனர். சில ஆண்டுகளில் அப்பங்கு ஏழைகளுக்கு உரியது. ஓராண்டுக் கனியை மற்றோராண்டுக் கணக்கில் சேர்த்தல் கூடாது. ஆதலின் மரத்திற்கும் ஒரு புத்தாண்டு வகுத்தனர். நட்ட மரத்தின் முதல் 3 ஆண்டுக் கனியை உண்ணலாகாது; 4-ஆம் ஆண்டுக் கனி இறைவனுக்குரியது; 5-ஆம் ஆண்டிலேதான் நட்டவனுக்கு உரிமை.

எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் அழிந்த பின்னரும் இந்நாள் மறையவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் சபேத் நகரத்து ஞானியர் இதனைக் கனிகளை வாழ்த்தி உண்ணும் விழாவாக வளர்த்தனர்.

நம் நாட்டிலும் இவ்விழா உண்டு. கொங்கணக் கடற்கரையில் செக்காட்டி வாழ்ந்த ‘பெனே இஸ்ரேல்’ யூதர்கள், சனிக்கிழமை தொழில் நிறுத்தியமையால் ‘சனிக்கிழமை வாணியர்’ எனப்பட்டனர். அவர்கள் இந்நாளில் எலியா தீர்க்கதரிசியை நினைந்து, அலிபாக் வட்டாரத்துக் கண்டாலா என்னும் ஊருக்கு யாத்திரை செல்வர். அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்த ‘மலிதா’வைப் பழங்களுடன் படைத்துப் பகிர்ந்துண்பர்.

இதன் உட்பொருள் யாது? நம் கையிலுள்ள கனி முழுவதும் நம்முடையதன்று என்பதே.

கணக்கேட்டை நன்கறிந்த ஊர் நம் திருப்பூர். நான் பணியாற்றிய பள்ளி நொய்யற்கரையை அடுத்திருந்தது. மாணவர்கள் நட்ட வேப்பங்கன்றுகளுக்குக் கிணற்று நீரையே வார்த்தோம். சாயங் கலந்த அந்நீரால் அவை ஒரு கோடைக்குள் கருகின. “ஐயா, தண்ணீர் ஊற்றியுமா பட்டுப்போகும்?” என வினவினான் ஒரு சிறுவன். அவன் தந்தை சாயப்பட்டறைத் தொழிலாளி. அக்கூலியே அவ்வீட்டின் உணவு. விடை கூற எனக்கு நா எழவில்லை.

கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன்பின் பரவிற்று. ஆற்றுக்குரிய பங்கை நாமே ஒதுக்கியிருப்பின் நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்திராது.

மாணவர்களே, நாளை பட்டறைகளின் கணக்கை எழுதப்போகிறவர்கள் நீங்கள். கூலி, நூல், சாயம் என எழுதிய பின், ஆற்றுக்கும் மரத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அன்று அச்சிறுவனுக்கு நான் சொல்லாத விடை அதுவேயாகும்.