தூக்குவது ஒயில், தாங்குவது பூட்டு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் கையிலிருந்த பழைய வேனையும் பட்டா லொறியையும் திருத்தித் திருத்தியே நம்மில் பலர் வியாபாரத்தை ஓட்டினோம். அந்தக் காலத்தில் மாத்தளை டவுனைச் சுற்றியும் உக்குவளை, வரக்காமுறை, இரத்தோட்டைப் பக்கங்களிலும் வீட்டுப் பின்வளவுகளில் சிறு கராஜ்கள் எழும்பியதைக் கண்டேன். அவற்றில் சிலவற்றில் இரண்டு தூண் லிப்டும் நிற்கிறது.

என் வீட்டிலும் ஒன்று உண்டு. கடைச் சாமான் ஏற்றும் இரண்டு வேன்களுக்காகப் பாவித்த லிப்ட் ஒன்றை வாங்கிப் பூட்டினோம். பின்னர் மகன் வெளி வாகனங்களையும் எடுக்கத் தொடங்கி, உதவிக்கு ஒரு பையனையும் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மாலை கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வேன் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது, கீழே நின்று பையன் கியர்பொக்ஸ் ஒயில் மாற்றிக்கொண்டிருக்கிறான். வேன் ஒரு பக்கம் ஓர் அங்குலமளவு பதிந்திருப்பது போல் கண்ணில் பட்டது. அவனை வெளியே வரச் சொன்னேன். லிப்ட் வேலை தெரிந்த பாஸ் ஒருவரை அழைத்து வந்து காட்டும் வரை எவரையும் கிட்டப் போக விடவில்லை. பார்த்தால், ஒரு தூணின் பூட்டு துருவும் பழைய கிரீஸும் சேர்ந்து ஒட்டிப்போய்க் கவ்வாமலே இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் கேபிளும் தளர்ந்திருந்தது. எத்தனை மாதமாக அப்படி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் அன்றைக்குத்தான் அந்த இயந்திரத்தை நான் படிக்கத் தொடங்கினேன். படித்ததை வியாபாரச் சகோதரர்களுக்கும் சொல்வது கடமை என்று நினைக்கிறேன்.

லிப்ட் எப்படி வேலை செய்கிறது?

ஒயில் அழுத்தத்தால் வாகனத்தை உயர்த்தும் லிப்டை அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லுனாட்டி 1925 ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். முடிவெட்டும் கடைக் கதிரை உயர்ந்து இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். இன்றைய இரண்டு தூண் லிப்டிலும் அடிப்படை அதுதான். மோட்டார் பம்ப் ஒயிலைத் தள்ளுகிறது, ஒயில் சிலிண்டரைத் தள்ளுகிறது, நான்கு கைகளும் வாகனத்தோடு மேலே போகின்றன. இரு பக்கமும் சமமாக ஏறி இறங்குவதற்காக இரண்டு கேபிள்கள் தூணுக்குத் தூண் ஓடுகின்றன.

இங்கே ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒயிலின் வேலை தூக்குவது மட்டும்தான். ஒரு சீல் தேய்ந்தாலோ, ஒரு ஹோஸ் வெடித்தாலோ ஒயில் கைவிட்டுவிடும். மேலே போன பாரத்தைத் தாங்கி நிற்க வேண்டியது தூணுக்குள் இருக்கும் இரும்புப் பூட்டு. ஏணிப்படி போன்ற பற்களில் ஓர் இரும்பு நாக்கு விழுந்து விழுந்து ஏறும். அந்த ‘டக், டக்’ சத்தம் அதுதான்.

சத்தம் கேட்டால் மட்டும் போதாது. தேவையான உயரத்துக்குச் சற்று மேலே தூக்கி, பிறகு மெதுவாக இறக்கி, இரண்டு தூண்களின் பூட்டும் ஒரே பல்லில் உட்கார்ந்த பின்னரே பாரம் ஒயிலிலிருந்து இரும்புக்கு மாறுகிறது. அதற்குப் பிறகுதான் ஒருவர் கீழே போகலாம். எங்கள் கராஜில் ரேடியோவும் கொம்பிரெஸரும் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு தூண் ஊமையானது யாருக்கும் கேட்கவில்லை. இப்போது லிப்ட் ஏறும்போது இரண்டையும் நிறுத்திவிடுகிறோம்.

நிலம் சரியா?

பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் தூண் நிற்பது நிலத்தில். நம்முடைய மாவட்டத்தில் பல வீடுகள் சரிவை ஒரு பக்கம் வெட்டி, மறு பக்கம் மண் நிரப்பிக் கட்டியவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது இப்பகுதிச் சரிவுகள் எப்படி நகர்ந்தன என்பதைக் கண்ணால் கண்டோம். நிரப்பிய மண்ணின் மேல் போட்ட கொங்கிரீட் மழைக்குப் பின் தாழலாம். வீட்டு முற்றத்துக்குப் போட்ட மெல்லிய சிமெந்துத் தரையும் லிப்டுக்கு உதவாது. பல தயாரிப்பாளர்கள் ஆகக் குறைந்தது 4 அங்குலத் தடிப்புள்ள தரமான கொங்கிரீட் கேட்கிறார்கள், சிலர் அதைவிட அதிகம் கேட்கிறார்கள். புதிதாகப் போட்டால் 28 நாள் இறுக விட்ட பின்னரே போல்ட் அடிக்க வேண்டும்.

தூணின் அடியில் வெடிப்பு ஓடினால் லிப்டை நிறுத்துங்கள். இறுக்க இறுக்கத் தளரும் போல்ட்டும் அபாய அறிகுறிதான். அங்கே கொங்கிரீட் கைவிட்டுவிட்டது என்பதே அதன் அர்த்தம். மேலும் இறுக்குவது பரிகாரமல்ல.

பாரத்தின் கணக்கு

4 தொன் லிப்ட் என்றால் ஒரு கைக்கு 1 தொன்தான். முன்பக்க இருக்கைக்குக் கீழே எஞ்சின் உள்ள வேன் வெறுமையாக இருக்கும்போது முன்பக்கம் பாரம். பின்னால் 50 கிலோ அரிசி மூடை 20 ஏற்றியிருந்தால் அங்கே மேலதிகமாக 1 தொன் சேர்ந்துவிட்டது. நாம் வியாபாரிகள், “பரவாயில்லை, ஐந்து நிமிட வேலைதானே” என்று சாமானோடு ஏற்றச் சொல்கிறோம். அப்படிச் செய்யவே கூடாது. எஞ்சின், கியர்பொக்ஸ் கழற்றும்போதும் பாரம் இடம் மாறும். அதற்கு உயரமான ஸ்டாண்ட் முட்டுக் கொடுக்க வேண்டும்.

கைகளை வைப்பது வாகனத் தயாரிப்பாளர் காட்டிய இடங்களில் மட்டும். சில்லு நிலத்தை விட்டுச் சில அங்குலம் எழும்பியதும் நிறுத்தி, வாகனத்தை ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மீண்டும் வையுங்கள்.

செய்ய வேண்டிய பராமரிப்பு

தினமும்: இரண்டு பூட்டுகளும் விழுகின்றனவா, கைகளின் பூட்டு கவ்வுகிறதா, ரப்பர் பேட் கிழிந்துள்ளதா, ஒயில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாதமொரு தடவை: கேபிளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வெறுங்கையால் தடவ வேண்டாம். துணியில் கம்பி இழை சிக்கினால் இரண்டு கேபிளையும் மாற்ற வேண்டும். கையேட்டில் சொன்னபடி போல்ட் இறுக்கம், ஒயில் மட்டம் இரண்டையும் பாருங்கள்.

வருடமொரு தடவை: லிப்ட் வேலை தெரிந்தவரை வைத்து முழுப் பரிசோதனை செய்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிரித்தானியாவில் 1998 ஆம் ஆண்டு விதிகளின்படி வாகன லிப்டுகளை ஆகக் குறைந்தது 12 மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதிப்பது கட்டாயம்.

மின்சாரத்தில் எர்த் வயரும் ட்ரிப் சுவிட்சும் சரியாக இருக்க வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். பூட்டில் உட்கார்ந்த வாகனத்தை இறக்க முதலில் சற்று மேலே தூக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் பூட்டைக் கம்பியால் நெம்பி இறக்க முயல வேண்டாம். அது பூட்டில் நிற்கட்டும், நீங்கள் காத்திருங்கள்.

பாவித்த லிப்ட் வாங்குவோர் பாரத்தின் அளவு பொறித்த தகடு, கையேடு, உதிரிப்பாகம் கிடைக்கும் வசதி மூன்றையும் கேளுங்கள். தகடு இல்லாத லிப்ட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பொறுப்பு யாருடையது?

சம்பளத்துக்கு ஆள் வைத்து வாகனம் திருத்தும் இடம் வீட்டுக்குப் பின்னால் இருந்தாலும் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வரலாம். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும் கடமை 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. தொழில் திணைக்களத்தில் விசாரித்துத் தெளிந்துகொள்வது முதலாளிக்கே நல்லது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்மை நம்பிப் பெற்றோர் அனுப்பிய பிள்ளை நம்மிடம் அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்க வேண்டும் என்பது சிறு வயதில் மத்ரஸாவில் படித்த பாடம். எங்கள் பையன் இப்போது இரண்டு பூட்டும் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பின்னரே கீழே போகிறான். உங்கள் கராஜிலும் இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும், நம்மிடம் வேலை செய்வோரையும் பாதுகாப்பானாக.