ஆற்றில் கால் வைக்காத பாலம்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் சாத்தனூர் அணை நிரம்பியது. வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீரைத் தென்பெண்ணை ஆற்றில் திறந்துவிட்டார்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் அந்த ஆற்றின் குறுக்கே நின்ற புதுப் பாலம் இடிந்து விழுந்தது. ரூ.15 கோடியே 90 லட்சம் செலவில் கட்டிய பாலம். திறந்து மூன்று மாதந்தான் ஆகியிருந்தது! சுமார் 54 ஆயிரம் கன அடி வெள்ளத்துக்குக் கணக்கிட்டுக் கட்டியது என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள்.

ஆற்றைக் கணக்குப் போடுவது லேசான வேலையா? கல்கத்தாவில் ஹூக்ளி ஆறு இப்படித்தான் பல்லாண்டுக் காலம் எஞ்சினீயர்களைத் திணற வைத்தது.

மிதக்கும் பாலம்

அங்கே 1874-ல் ஒரு பாலம் கட்டினார்கள். மிதவைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் மரத்தளம் போட்ட பாலம். நீளம் 1,528 அடி. வேலை முடியும் முன்பே புயல் வந்தது. கட்டறுத்துக்கொண்ட கப்பல் ஒன்று மோதி, மூன்று மிதவைகள் நாசமாயின.

அந்தப் பாலத்தில் தொல்லைக்குப் பஞ்சமில்லை. கப்பல் வந்தால் நடுப்பகுதியைக் கழற்றி வழிவிட வேண்டும். அதுவரை ஹவுரா ஸ்டேஷனுக்கு ரயிலேறப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு கரையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கடல் வற்றம் வந்து நீர் இறங்கினால் பாலமும் இறங்கும். அப்போது கரையோரச் சரிவில் பாரவண்டி மாடுகள் பட்ட பாடு கொஞ்சமல்ல!

இரும்பு வந்தது

ஆற்றின் நடுவே தூண் நட்டால் நீரோட்டம் தடைப்படும். மணல் மேடு தட்டும். கப்பல் போக முடியாது. ஆகவே நட்டாற்றில் தூணே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

இரண்டு கரைகளிலும் நின்று இருவர் கையை நீட்டுகிறார்கள். நீட்டிய கைகளுக்கு நடுவே ஒரு பலகையை வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஹவுரா பாலம். கோபுரத்துக்குக் கோபுரம் 1,500 அடி. வண்டிகள் போகும் பாதை, மேலிருந்து 39 ஜோடி எஃகுத் தொங்கல்களில் தொங்குகிறது. 26,500 டன் எஃகில் 23,000 டன் டாட்டா ஆலையில் செய்தது. நட்டு, போல்ட்டு கிடையாது. எல்லாம் ரிவிட்டு அடித்துப் பொருத்தியவை.

1943 பிப்ரவரி 3-ந் தேதி பாலம் திறக்கப்பட்டது. யுத்த காலம். ஜப்பான் விமானங்கள் குண்டு போடுமோ என்ற பயம். அதனால் தடபுடல் விழா ஒன்றும் இல்லை. டிராம் வண்டி ஒன்று முதலில் போயிற்று, அவ்வளவுதான்.

வெற்றிலை செய்த வேலை

புயலுக்கு அசையாத பாலத்துக்கு வெற்றிலைச் சாறு வினையாயிற்று. பாலத்தில் நடப்பவர்கள் தொங்கல்களின் அடியில் வெற்றிலை எச்சிலைத் துப்பித் துப்பி, அதைச் சுற்றியிருந்த எஃகு உறை அரித்துவிட்டது. 6 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தது, 2007 முதல் 2011-க்குள் பாதியாகத் தேய்ந்தது என்று கண்டார்கள்.

பிறகு அவற்றுக்குக் கண்ணாடி நார்க் கவசம் மாட்டினார்கள். எச்சில் பட்டாலும் கழுவி விடலாம்!