மேல பெய்யுறது கீழ தெரியாது: குற்றால மலையும் வீட்டு மழைமானிகளும்

போன வாரம் ஒரு நேயர் அனுப்பின குரல் பதிவுல ஒரு நல்ல கேள்வி இருந்துச்சு. "அமெரிக்காவுல பனிப்புயல் வந்தா சாதாரண ஆளுங்க வீட்டு வாசல்ல ஸ்கேலை வச்சு பனியை அளந்து அனுப்புறாங்களாமே, நம்ம ஊர்ல அப்படி யாராவது இருக்காங்களா?"

இருக்காங்க. பனிக்குப் பதிலா அவங்க டிசம்பர் மழையை அளக்குறாங்க. நான் பேசுறது குத்துக்கல்வலசையில இருந்து. தென்காசி டவுனை ஒட்டின ஊர். மேற்க திரும்பினா குற்றால மலை. அந்த மலை மேல இப்போ என்ன நடக்குதுங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

சென்னையில இருக்குறவங்களுக்குக் குற்றாலம்னா ஜூன், ஜூலை சாரல். தென்மேற்குப் பருவக்காற்று கேரளா பக்கம் மழையைக் கொட்டிட்டு, மிச்ச ஈரத்தோட செங்கோட்டைக் கணவாய் வழியா நம்ம பக்கம் வரும். காத்தும் தூத்தலுமா சுகமா இருக்கும். டிசம்பர் கதையே வேற. அப்போ ஈரக்காத்து கிழக்கே கடல்ல இருந்து கிளம்பி, சமவெளியைத் தாண்டி வந்து மலையில நேரா முட்டும். முட்டினா மேல ஏறித்தான் ஆகணும். ஏறினா குளிரும், குளிர்ந்தா கொட்டும். பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்துல மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்துன்னு தேயிலைத் தோட்ட ஊர்கள் இருக்கு. டிசம்பர் மழைப் பட்டியல்ல இந்தப் பேர்கள் அடிக்கடி மேல நிக்கிறது இதனாலதான்.

2023 டிசம்பர் 17-ஐ தெற்கத்திக்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. மறுநாள் காலையில கணக்கு எடுத்தப்போ, 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர்ல 69. ஒரு நாள்ல 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறை கணக்குல அது அதி கனமழை. காயல்பட்டினத்துக்கு அதைப் போல நாலு மடங்குக்கும் மேல. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு, பல நூறு பேர் வெள்ளத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. முன்னறிவிப்பு போதுமானதா இருந்துச்சாங்கிறதுல மாநில அரசுக்கும் வானிலைத் துறைக்கும் வாக்குவாதமே நடந்துச்சு.

அந்த வாக்குவாதத்துக்குள்ள நான் போகல. அதுக்கு அடியில இருக்குற ஒரு சின்ன விஷயம்தான் எனக்கு முக்கியம். தென்காசிக்கு மேல நிக்கிற மழை மேகத்தை ரேடார்ல பார்க்கிறது கஷ்டம். காரைக்கால் ரேடார் இங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். பூமி உருண்டை, ரேடார் கதிர் நேர்க்கோட்டை ஒட்டிப் போறது. அதனால தூரம் கூடக் கூட அது மேகத்துக்கு மேலேயே போயிடும். திருவனந்தபுரம் தும்பாவுல ஒரு ரேடார் இருக்கு, ரொம்பப் பக்கம். ஆனா நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது. சுவருக்கு இந்தப் பக்கம் நாம. ஆக, தரையில வச்ச மழைமானி இங்க பொழுதுபோக்குச் சாமான் இல்லை.

இதுல உயிர் சம்பந்தப்பட்டிருக்கு. 2024 மே 17, பழைய குற்றாலம். கோடை மழை. ஜனங்க குளிச்சுக்கிட்டு இருக்கும்போதே அருவியில திடீர் வெள்ளம். எல்லாரும் அலறி ஓடினாங்க. 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போயி இறந்துட்டான். அருவிக்குக் கீழ நிக்கிறவங்களுக்கு மேல பத்து நிமிஷத்துக்கு முன்னாடி என்ன பெஞ்சுச்சுன்னு தெரிய வழியே இல்லை. தண்ணி வந்து சொன்னாத்தான் உண்டு.

இதே மாதிரி ஒரு ராத்திரியிலதான் அந்த அமெரிக்க அளவுக்காரங்க கதையும் ஆரம்பிச்சது. 1997 ஜூலை 28, கொலராடோவுல ஃபோர்ட் காலின்ஸ்ங்கிற ஊர். ராக்கி மலை அடிவாரம். ஊரோட மேற்குப் பக்கம் சுமார் 37 சென்டிமீட்டர் மழை, கிழக்குப் பக்கம் சில கிலோமீட்டர் தள்ளி 5 சென்டிமீட்டர்கூட இல்லை. அஞ்சு பேர் செத்துப்போனாங்க. அந்த ஊர் பல்கலைக்கழகத்துல இருந்த வானிலையாளர் நோலன் டோஸ்கன், வீட்டுக்கு வீடு ஆள் இருந்து அளந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமேன்னு யோசிச்சு, அடுத்த வருஷமே தன்னார்வலர்களைச் சேர்க்க ஆரம்பிச்சார். 'கோகோராஸ்'னு பேர். அவங்கதான் இன்னைக்கு வெள்ளைப் பலகை போட்டு பனியையும் அளக்குறாங்க.

நம்ம பக்கம் 2015 சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் பேர் வீடு வீடாப் போச்சு. அவரைப் பார்த்து ஊருக்கு ஊர் வெதர்மேன் வந்தாச்சு. இதுல எனக்கு ஒரு சின்ன எரிச்சல் உண்டு. எல்லாருக்கும் முன்னறிவிப்பு சொல்லத்தான் ஆசை, "நாளைக்குத் தரமான சம்பவம் இருக்கு"ன்னு. அளக்குறதுக்கு ஆள் கம்மி. எச்சரிக்கை கொடுக்கிற பொறுப்பு வானிலை மையத்தோடது. நாம கொடுக்க முடிஞ்சது அவங்ககிட்ட இல்லாத ஒண்ணு, உங்க தெருவோட கணக்கு.

அளக்குறது சுலபம். 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனல், அதுக்குக் கீழ ஒரு பாட்டில். அந்தப் புனல் வாய்ப் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அதனால 20 மில்லி தண்ணி சேர்ந்தா 1 மில்லிமீட்டர் மழை. மருந்துக்கடையில கிடைக்கிற அளவு கப் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை, 2 லிட்டர் பாட்டில் 100 மில்லிமீட்டர்லயே நிரம்பிடும். காயல்பட்டினத்துல அன்னைக்கு இந்தப் புனலை வச்சிருந்தா 19 லிட்டர் பிடிச்சிருக்கும். நம்ம வீட்டுத் தண்ணி கேன் கிட்டத்தட்ட முழுசா!

எல்லாரும் மொட்டை மாடியிலதான் வைப்பாங்க. அது அவ்வளவு நல்ல இடம் இல்லை. மாடியில காத்து வேகம், துளி புனலுக்குள்ள விழாம சரிஞ்சு போயிடும், அதுவும் சாரல் நேரத்துல. தரைக்குப் பக்கத்துல, திறந்த இடத்துல வைங்க. பக்கத்துல சுவரோ தென்னையோ இருந்தா அதோட உயரத்தைப் போல குறைஞ்சது ரெண்டு மடங்கு தூரம் தள்ளணும்.

தினமும் காலை 8.30-க்கு அளக்கணும். வானிலைத் துறையும் அந்த நேரம்தான் எடுக்குது, அப்பதான் உங்க எண்ணை அவங்க எண்ணோட ஒப்பிட முடியும். மழை இல்லைன்னா பூஜ்யம்னு எழுதணும். இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. நீங்க எதுவும் எழுதலைன்னா மழை இல்லையா, இல்லை நீங்க ஊர்ல இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? குத்துக்கல்வலசையில பூஜ்யம், அதே காலையில குற்றாலத்துல 60 மில்லிமீட்டர்னா, மழை மலையை ஒட்டியே நின்னுடுச்சுன்னு புரியும். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னா அந்தச் செய்தியே கிடையாது.

கனமழை நேரத்துல மட்டும் 8.30 வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மணிக்கு ஒரு தடவை பாருங்க. இடி மின்னல் இருந்தா வெளியே போகாதீங்க. அனுப்பும்போது ஊர் பேர், எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், எத்தனை மில்லிமீட்டர், இந்த மூணும் போதும். மெயின் அருவி ஆர்ச் மூழ்குற வீடியோ வேண்டவே வேண்டாம். டிசம்பர் வந்தா போன வருஷத்து வீடியோவே தேதி இல்லாம சுத்தும், அதைப் பார்த்துட்டு வெள்ளம் வேடிக்கை பார்க்க வண்டி எடுக்குற ஆட்களும் இருக்காங்க.