பலகை தெரிகிறதா, பாட்டி?

ஓர் ஓவியக் காட்சிச்சாலை தன் பெயர்ப் பலகையையும் வழிகாட்டிப் பலகைகளையும் வெண்மையில் இளஞ்சாம்பல் எழுத்துகளாக மாற்றுவதாகக் கொள்வோம். உங்கள் கண்ணுக்கு அது அழகு. உங்கள் பாட்டிக்கோ வெறும் வெள்ளைப் பலகை! ஏன்?

வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து மங்குகிறது. விழித்திரையைச் சேரும் ஒளி குறைவதால், சிறிய ஒளி வேறுபாடுகள் புலப்படுவதில்லை.

இவ்வேறுபாட்டை எண்ணால் குறிக்கலாம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் 21:1. வெள்ளைக்கும் இளஞ்சாம்பலுக்கும் 2:1 கூட இராது. வலைப்பக்கங்களுக்கென 2008-இல் வெளியான பன்னாட்டு நெறிமுறை, சாதாரண எழுத்துகளுக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துகளுக்கு 3:1 என வரையறுத்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் தன் காட்சிப் பலகைகளில் எழுத்து எடுப்பாகத் தெரிய வேண்டுமென வழிகாட்டுகிறது.

எழுத்தைச் சற்றே கருமையாக்கினால் கலைக்கு நட்டமில்லை. பாட்டி பிறர் உதவியின்றியே வழி கண்டு படம் பார்ப்பார்.